யாருடைய முப்பது அடி?

திங்கட்கிழமை காலை நீங்கள் மூன்று பேரும் நாம் சீரமைக்கிற அந்தப் பழைய வீட்டுக்குள் போகிறீர்கள். நான் வரமாட்டேன், வரவும் கூடாது. ஏன் என்று காப்பி மெஷின் பக்கத்தில் ஆளுக்கொரு கதை கேட்டிருப்பீர்கள். நான் ஒரு சுவரை இடித்துவிட்டேன் என்பது ஒரு கதை. ஓர் இலங்கைத் தமிழர் இடித்தார், நான் பழியை ஏற்றுக்கொண்டேன் என்பது இன்னொன்று. அதில் நான் தியாகியாக வருகிறேன். இரண்டும் தப்பு. அதனால் நானே எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதுவது நீங்கள் மூவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் மட்டுமல்ல. ஜெர்மனில் எழுதினால் நம் அலுவலகத் தலைவர் சிவப்பு மையில் திருத்துவார், அவர் வருகிற பகுதிதான் முதலில் காணாமல் போகும்.

முப்பத்தொரு வயதில் களப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் அறுபத்தேழு வயது வரை ஏணி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஆறு வருடத்தில் முடித்துக்கொண்டேன்.

முதலில் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இன்று இரவே தேடிப் படித்துவிட்டு, நாளைக் காலை என்னைத் திருத்த வருவீர்கள். நானும் உங்களைப் போலத்தான் வந்தேன், எனக்குத் தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். தச்சருடைய மகன். இளம் வயதில் ஒரு பிரபுவின் செலவில் இத்தாலிக்குப் போய், இடிந்த கோயில்களில் கயிறும் அளவுகோலுமாக ஏறி இறங்கி, காய்ச்சலில் விழுந்து எழுந்து, ஊர் திரும்பியபோது லண்டனில் எல்லோரும் தப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற முடிவோடு திரும்பினார். அதன் பிறகு அவர் ஒரு வீட்டை வடிவமைத்தால் சுவரோடு நிறுத்த மாட்டார். கூரைச் சுதை வேலைப்பாடு அவருடையது. அதற்குக் கீழே விரிக்கும் கம்பளத்தில் அதே கோலம் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தித் தண்டு, நாற்காலி முதுகு, சாவித் துவாரத்தை மூடும் பித்தளைத் தகடு, எல்லாம் அவர் வரைந்தபடிதான். வீட்டுக்காரி ஒரு நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தினாலும் சண்டை. கடைசியில் மோகம் மாறியது, பிரபுக்கள் வேறு ஆட்களைத் தேடிப் போனார்கள், அவர் மனக்கசப்போடு செத்தார். ஆனால் அவர் போட்ட அச்சுப் படப் புத்தகம் சாகவில்லை. அவர் காலடியே படாத ஊர்களுக்கெல்லாம் அது போனது. அதில் ஒன்று, ஹாலேக்கும் லைப்சிக்குக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய வீடு.

அந்த வீட்டுக்காரர் இங்கிலாந்துப் பயணம் போய், புத்தகத்தை வாங்கி வந்து, உள்ளூர்க் கொத்தனாரிடம் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, இதைக் கட்டு என்றிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வரவேற்பறை. நீளம் முப்பது அடி. கடைசிச் சுவரில் ஆழமில்லாத அரைவட்ட மாடம், இரண்டு பக்கமும் தூண்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். சென்னையில் படிக்கும்போதே எனக்கு அவர் மேல் பைத்தியம். என் சித்தப்பா பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துத்தான் சொல்வேன். அவருடைய தூணுக்கு எத்தனை பள்ளம் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். இது பெருமையல்ல. இதுதான் பிரச்சினையே.

வரவேற்பறையை அளந்தோம். நீளம் எட்டரை மீட்டர். முப்பது அடி என்றால் ஒன்பது மீட்டருக்கு மேல் வர வேண்டும். அறுபத்தைந்து சென்டிமீட்டர் காணோம். மாடமும் காணோம். கடைசிச் சுவர் தட்டையாக, வெள்ளையாக நின்றது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அந்த வீடு கூட்டுறவுப் பண்ணையின் அலுவலகமாக இருந்தது. தடுப்பு போட்டிருக்கிறார்கள், குழாய் இழுத்திருக்கிறார்கள். ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன்: பண்ணைக்காரர்கள் மாடத்தை மறைத்து முன்னால் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவருக்குப் பின்னால் என் ஆங்கிலேயர் இருக்கிறார்.

போய்த் தட்டிப் பார்த்தேன். பொத்தென்று கேட்டது. பின்னால் வெற்றிடம்.

உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும் நாள் வரும். அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சாண்ட்விச் தின்றுவிட்டு வாருங்கள். நான் தின்னவில்லை.

அகலமும் குறைந்துதான் இருந்தது. பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: குளிர் தாங்காமல் பக்கச் சுவர்களுக்கு உள்ளே பலகை அடித்திருப்பார்கள். நீளத்துக்கு ஒரு காரணம், அகலத்துக்கு வேறொரு காரணம். இரண்டு குறையும் ஒரே விகிதத்தில் இருந்தன. ஒரு நிமிடம் கால்குலேட்டரைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கட்டடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டது, நான் இரண்டு வெவ்வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது வியாழக்கிழமை மதியம். திங்கட்கிழமை வெப்பமூட்டும் குழாய்க்காரர்கள் வருகிறார்கள். அந்தச் சுவர் நெடுகக் குழாய் போட்டுவிட்டால் மாடம் இன்னும் ஐம்பது வருடத்துக்கு உள்ளேயே கிடக்கும். தலைவர் முனிக்கில். கைபேசியை எடுக்கவில்லை. அன்றைக்குக் களத்தில் இருந்தது நானும் யோகன் அண்ணையும்தான்.

யோகன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வயதில் அகதியாக வந்தவர். எசன் நகரத்தில் சுதை, பூச்சு வேலைக்குச் சொந்தமாகச் சின்ன நிறுவனம் வைத்திருக்கிறார். அவரும் இரண்டு வேலையாட்களும். புதுக் கட்டடங்களில் ஜிப்சம் பலகை ஒட்டி ஒட்டி வெறுத்துப்போய், பழைய வீட்டு வேலைக்கு வர ஆசைப்பட்டவர். அதற்கென்று மரபுச் சின்னத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் பெயர் இருந்தால்தான் இந்த மாதிரி வீடுகளைத் தனியாக எடுத்துச் செய்யலாம். பெயர் ஏற வேண்டுமென்றால் இன்னொருவர் பொறுப்பில் ஒரு வேலையை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் காட்ட வேண்டும். அவருக்கு அந்த ஒரு வேலை, இந்த வீடு. வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை நான்கு மணி நேரம் ஓட்டி எசனுக்குப் போவார்.

"அண்ணா, ஒரு சின்ன வேலை," என்றேன்.

"இந்தியாக்காரர் அண்ணா எண்டு கூப்பிட்டாலே எனக்குப் பயம்," என்றார். சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன, சொல்லுங்கோ."

சுவரைக் காட்டினேன். தலை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வேண்டும், விளக்கு அடித்து உள்ளே பார்க்க வேண்டும் என்றேன்.

"பெர்மிட் இருக்கோ?"

"இது பின்னாடி எழுப்பின சுவர் அண்ணா. ஒரிஜினல் இல்ல. இதுக்கெல்லாம் பெர்மிட் தேவையில்ல."

"அப்ப எழுதித் தாங்கோ. அந்த டயரியில ரெண்டு வரி. இன்ன சுவர், இன்ன இடம், நீங்கள் சொல்லி நான் வெட்டுறன் எண்டு."

களத்தில் ஒரு நாட்குறிப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பச்சை அட்டை. வாசல் பக்கத்து மேசையில் கயிறு கட்டித் தொங்கும். அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், யார் சொல்லிச் செய்தார்கள், எல்லாம் அதில்தான். மேசைக்கும் எனக்கும் நடுவில் பதினைந்து எட்டு வைக்கிற தூரம். பதினைந்தே எட்டு.

"எழுதறேன் அண்ணா. முதல்ல திறங்க. இருட்டறதுக்குள்ள போட்டோ எடுக்கணும்."

"இப்ப மூண்டு மணி தங்கச்சி. இது யூன் மாசம். பத்து மணிக்குத்தான் இருட்டும்."

"அண்ணா, ப்ளீஸ்."

பெருமூச்சு விட்டார். முழங்காலிட்டு உட்கார்ந்து சின்ன உளியால் கீற ஆரம்பித்தார். அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். தூசுகூட அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் விழும். விழுகிற துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். விரற்கடை ஆழம் போனதும் நிறுத்தினார்.

"தங்கச்சி, இதுக்குள்ள மயிர் கிடக்கு."

பழைய சுண்ணாம்புச் சாந்தில் மாட்டு மயிரைக் கலப்பார்கள், வெடிக்காமல் இருக்க. பண்ணைக்காரர்கள் காலத்தில் யாரும் கலக்கவில்லை. எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"பழைய சாந்தை இடிச்சு மறுபடி குழைச்சிருப்பாங்க," என்றேன். மூன்றாவது விளக்கம்.

திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நிச்சயமோ?"

"நிச்சயம்."

"நான் கேக்கிறது, நாளைக்கும் நிச்சயமா இருப்பியளோ எண்டு."

"அண்ணா, இந்த ஆளைப் பத்தி நான் பத்து வருஷமாப் படிக்கிறேன்."

"ஆள் சரி. நான் சுவரைக் கேக்கிறன்," என்று சொல்லிவிட்டு வெட்டினார்.

அரைமணி நேரத்தில் திறப்பு வந்தது. விளக்கை உள்ளே நீட்டித் தலையை விட்டேன். மாடம் இல்லை. தூண் இல்லை. ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து, கூரை வரை கன்னங்கரேலென்று புகைக் கரி. இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் அறைக்குள் விறகைக் கொண்டுவர மாட்டார்கள். சுவருக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று ஒரு சந்து விட்டு, அங்கிருந்தே அடுப்பை எரிப்பார்கள். வீடு கட்டிய நாளிலேயே கட்டிய சந்து. வீடு கட்டிய நாளிலேயே கட்டிய சுவர்.

தலையை வெளியே எடுத்தபோது யோகன் அண்ணை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து வைத்த துண்டுகளில் ஒன்று புரண்டு, மேலே இருந்த வெள்ளை உதிர்ந்திருந்தது. அடியில் வெளிர்பச்சை. அதன் மேல் காவி நிறத்தில் ஒரு சிறகு, ஒரு கண், சிங்க மூக்கில் பாதி. சிறகு வைத்த சிங்கம். என் ஆங்கிலேயரின் புத்தகத்தில் தூணுக்கு மேலே வருகிற அதே சிங்கம். மாடம் கட்ட இடமில்லாமல் அந்தக் கொத்தனார் சுவரிலேயே வரையச் சொல்லியிருக்கிறார். இருநூற்றைம்பது வருடம் தாங்கி, வெள்ளைக்குள் பத்திரமாக இருந்ததை நான் அரைமணி நேரத்தில் இரண்டாக்கினேன். வெட்டும் இடத்தில் ஒரு நகக்கண் அளவு சுரண்டி, வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் சுரண்டியிருந்தேன், அதே சுவரின் மறுகோடியில். அது தண்ணீர் இறங்கி, பழைய பூச்சு போய், புதுப் பூச்சு பூசிய இடம்.

யோகன் அண்ணை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். "உந்தத் தட்டில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரமில்லாத துணி தேடிப் போனார்.

அப்புறம்தான் கால்குலேட்டர். எட்டரை மீட்டரை முப்பதால் வகுத்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டரும் சில்லறையும். இந்த எண்ணை எங்கே பார்த்தேன் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. பக்கத்து ஊர் நகரமன்றச் சுவரில் ஒரு இரும்புக் கோல் பதித்திருக்கிறார்கள், அந்தக் காலத்துச் சந்தைக்காரர்களுக்காக: இந்த ஊரில் ஒரு அடி என்றால் இவ்வளவு என்று. இங்கே ஊருக்கு ஊர் அடி வேறு. மதிய உணவு இடைவேளையில் என் டேப்பை அதில் வைத்து அளந்து, படம் எடுத்து, எவ்வளவு அழகு பாருங்கள் என்று இணையத்தில் போட்டிருக்கிறேன். அறுபது பேர் விரும்பினார்கள். ஆங்கில அடியைவிட இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் குட்டை. கொத்தனார் புத்தகத்தில் முப்பது என்று பார்த்தார், தன் ஊர் அடியில் முப்பது அளந்தார். நீளமும் அகலமும் அதே கணக்கில் சுருங்கின. யாருடைய அடி என்று ஆங்கிலேயர் எழுதவில்லை. லண்டனில் உட்கார்ந்திருக்கிறவர் ஏன் எழுதப் போகிறார்? உலகத்தில் வேறு அடி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எத்தனை முறை நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

மரபுச் சின்னத் துறை அதிகாரி மறுநாளே, வெள்ளிக்கிழமை வந்தார். நரைத்த முடி, மழைக்கோட்டு, அதிகம் பேசாத பெண்மணி. திறப்பின் முன்னால் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். தட்டையும் பார்த்தார். பிறகு முனிக்கிலிருந்து திரும்பியிருந்த தலைவர், யோகன் அண்ணை, நான் என எங்கள் மூவரையும் பார்த்து, இதை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டார்.

நாட்குறிப்பு மேசை மேல் திறந்திருந்தது. வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் வானிலை மட்டும் இருந்தது. தெளிந்த வானம்.

நம் தலைவர் முந்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அலுவலகத்தைக் காப்பாற்றுவது அவர் வேலை. "இங்கே ஒரு தொடர்புச் சிக்கல்," என்றார். "இவர்கள் இருவரும் தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். இந்தியாவில் பேசுவதும் இலங்கையில் பேசுவதும் வேறு வேறு என்று கேள்விப்படுகிறேன். இவர் பார்வையிடச் சொன்னது, அவருக்கு வெட்டச் சொன்னதாகப் புரிந்திருக்கிறது."

எவ்வளவு வசதியான பொய் பாருங்கள். அங்கே யாராலும் சரிபார்க்க முடியாது. யாரும் கெட்டவர் ஆவதில்லை. ஒரு மொழிதான் கொஞ்சம் மங்கலாகிறது. நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். என் வேலை இருக்கும், விசா இருக்கும். யோகன் அண்ணையின் பெயருக்கு நேரே மட்டும், சொன்னது புரியாமல் வெட்டுகிறவர் என்று ஒரு வரி ஏறும். அந்த வரியோடு அவரை எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. இன்னொரு வீடு கிடைக்கப் போவதில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த வெட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் உடனே பேசியிருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நின்றேன். எத்தனை விநாடி என்று தெரியாது. அந்த விநாடிகள்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகின்றன, சுவர் அல்ல.

"அவருக்கு நன்றாகப் புரிந்தது," என்றேன். "வெட்டச் சொன்னது நான்தான். எழுதித் தா என்று கேட்டார், தரவில்லை. சாந்தில் மயிர் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார், நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்."

தலைவர் கூரையைப் பார்த்தார். அதிகாரி யோகன் அண்ணையிடம் திரும்பினார். "அப்படியா?"

"ஆமாம்," என்றார் அவர் ஜெர்மனில். "ஆனால் எழுத்து இல்லாமல் உளியை எடுத்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டையும்.

வெளியே வண்டி பக்கத்தில் யோகன் அண்ணையைப் பிடித்தேன். நன்றி எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"ஏன் அண்ணா அதைச் சொன்னீங்க? நான் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேனே."

"எல்லாத்தையும் ஏக்கிறதுக்கு அது முழுக்க உங்கட பிழையில்லையே. உங்களுக்கு எல்லாத்திலயும் அவசரம். வெட்டவும் அவசரம், பழி எடுக்கவும் அவசரம்." வண்டிக் கதவைத் திறந்தார். "மூண்டு முறை கேட்டுப்போட்டு வெட்டினனான். மூண்டாந்தரம் கேக்கேக்கையே எழும்பிப் போயிருக்கோணும். இருபத்தெட்டு வருசம் இந்தத் தொழில். உங்களுக்காவது வயசு காணாது, சின்னப் பிள்ளை."

"பட்டியல்?"

"அது வரேக்க வரட்டும். வழியை விடுங்கோ, அவுட்டோபான் றோட்டு நிரம்பப் போகுது."

சிங்கத்தை ஹாலேயிலிருந்து வந்த ஓவியச் சீரமைப்பாளர் ஒட்டிச் சேர்த்தார். ஒரு துண்டும் தொலையவில்லை, எல்லாம் அந்தத் தட்டில் வெட்டிய வரிசையிலேயே இருந்தன. மூக்கின் குறுக்கே கோடு தெரியும். தெரியட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். குழாய்க்காரர்கள் கரி படிந்த சந்து வழியாகவே குழாயைக் கொண்டுபோனார்கள்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதங்கள் வந்தன. எனக்கு வந்ததில், அந்த வீட்டில் நான் இனி எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது என்றிருந்தது. அதன் பிறகு தலைவர் என்னை வேறு எந்தக் களத்துக்கும் அனுப்பவில்லை. இப்போது மற்றவர்கள் அளந்து வருவதைச் சரிபார்க்கிறேன். உங்கள் அளவுகளும் என்னிடம்தான் வரும். எந்த ஊர் அடி என்று எழுதாமல் ஒரு தாள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கெஞ்சிப் பயனில்லை.

கடிதங்கள் வந்த அன்று மாலை யோகன் அண்ணை கூப்பிட்டார். பின்னால் பெருஞ்சாலை இரைச்சல்.

"கிடைச்சிட்டுது," என்றார். "ஒரு வருசத்துக்குத்தான். எழுத்தில இல்லாத எதையும் செய்யக் கூடாது எண்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கினம். அந்த அம்மா தட்டைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கிறா."

"ரொம்ப சந்தோஷம் அண்ணா."

"உங்களை உள்ளுக்க விடேல்லையாம்."

"ஆமா."

"சரி," என்றார். "ஆர் வந்தாலும் இனி என்னட்ட வாயால சொல்லி ஒரு வேலையும் வாங்கேலாது. நீங்கள் வந்தாலும்தான். உங்கட இடத்துக்கு வாற பிள்ளையளுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ."

சொல்லிவிட்டேன்.